காப்பியில் விழுந்த பறவை

புவெப்லா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் எலிஸெயோவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம், சிகாகோ குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் "ஏம்மா வம்பு, சரின்னு தலையாட்டிட்டுப் போயேன்" என்றாயே, அதற்குப் போனிலேயே பதில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அருங்காட்சியகத்தின் புது அடையாளம் நம் பாப்பேல் பிகாதோ வேலைப்பாடுதான் என்றதும் முதலில் குதித்தவள் நான். திருவிழாவுக்குத் தெருவெல்லாம் நாம் கட்டுகிற வெட்டுத்தாள் தோரணம் வாசல் திரையில் அசையப் போகிறது, அசைய வைக்கப்போவது பதினொரு வருஷமாக அங்கே அனிமேஷன் செய்கிற உன் அம்மா. பிறகுதான் தலைநகரத்து விளம்பரக் கம்பெனி வரைந்து அனுப்பியதைப் பார்த்தேன். பூ தனியாக, பறவை தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கின்றன, அவை சிதறிப் பறந்து கடைசியில் அருங்காட்சியகத்தின் முத்திரையாகச் சேர வேண்டுமாம். அப்பாவிடம் காட்டினேன், "இதை வரைஞ்சவன் உளியைக் கண்ணால பாத்ததில்ல" என்று சிரித்தார். ஐம்பது தாளை அடுக்கி உளி வைக்கிற வீட்டில் பிறந்தவன் நீ, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பூவுக்கும் பறவைக்கும் நடுவே இம்மியளவாவது தாளை இணைப்பாக விடாவிட்டால் பறவை கீழே விழும்.

கூட்டத்தில் இயக்குநர் லாந்தேரோவிடம் இதைச் சொன்னேன். "இது திரை, ஹோவிதா, இதுல எதுவும் விழாது, உங்க ஊர்க்கதையை ஓரமா வையுங்க" என்றார். எனக்கு வருகிற கோபம் உனக்குத் தெரியும். மறுநாள் அப்பாவின் உளி, சுத்தியல், தாளுக்கு அடியில் வைக்கிற ஈயத்தகடு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய், கம்பெனி வரைந்ததை அப்படியே அவர் மேஜையில் வைத்து வெட்டினேன். டொக் டொக் சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தாளைத் தூக்கிப் பிடித்தேன், பூவெல்லாம் அவர் மடியில், ஒரு பறவை நேராக அவர் காப்பிக் கோப்பையில், என் கையில் மிஞ்சியது ஓட்டைத் தாள். யாரோ சிரித்துவிட்டார்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனி சொன்னபடி செய்து கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்றார்.

இன்று வெள்ளி. இணைப்பெல்லாம் வைத்து நான் வரைந்ததைத்தான் கொடுத்துவிட்டு வந்தேன், முழுத் தாளும் காற்றில் படபடக்கும், எந்தப் பறவையும் பிய்த்துக்கொண்டு போகாது. பயமில்லையா என்று கேட்காதே, இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான். ஆனால் உளி பிடிக்கிற நம் தெருக்காரர்கள் அந்த வாசலில் நின்று, தங்கள் பெயரைச் சொல்லி எவனோ வரைந்த தப்பைப் பார்த்துச் சிரிக்க நான் விடமாட்டேன். திங்களன்று வழக்கம்போல் எட்டரைக்குப் போவேன், வேண்டாம் என்பவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

மிளகாயைக் குறைத்துக்கொள், நெஞ்செரிச்சல் உனக்கு அப்பா வழிச் சொத்து. குவாதலூப்பே மாதா உன் கூடவே நடக்கட்டும், நல்லா இரு கண்ணு. உறையைப் பார்த்துத் திற, உள்ளே அந்தப் பறவை இருக்கிறது, காப்பிக் கறை காய்ந்துவிட்டது. பத்திரமாக வைத்துக்கொள். மறுபடி என்னைத் தலையாட்டச் சொல்லத் தோன்றினால், அதைக் கையிலெடுத்து ஒருமுறை விட்டுப் பார், பறக்கிறதா விழுகிறதா என்று.

உன் அம்மா,
ஹோவிதா