இரண்டுமே இடது பக்கம்

இன்று காலை எங்கள் பனியன் கம்பெனி வாசலில் ஒரு லாரிக்காரன் படாரென்று பிரேக் அடித்தான். டயர் கருகிய வாசனை குப்பென்று வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் மட்டும் நின்று அந்த வாசனையை இழுத்து இழுத்து மோந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமுங்க. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் வாசனை அதுதானே! நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

கல்யாணமான மறுவருஷம் நீங்கள் ஒரு பழைய கான்டெஸா காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தீர்கள். என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்ளே, இது ஓடுமுங்களா?" என்றாள். "ஓடுமுங்க அத்தே, நேராத்தான் ஓடாது" என்றீர்கள். மங்கலத்தில் தறிப் பட்டறைகளுக்கு வெல்டிங் செய்கிற மனுசனுக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்ததோ! பிரவுசிங் சென்டருக்கு என்னைக் கூட்டிப்போய், இன்டர்நெட்டில் நின்று நின்று ஓடும் ஒரு கார் பந்தயப் படத்தைக் காட்டினீர்கள். வண்டி வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கிக்கொண்டே போகிறது. பின்பக்கம் வெளியே வழுக்கும்போது முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், திருப்ப இடமில்லாமல் போனால் வண்டி சுழன்றுவிடும் என்று விளக்கினீர்கள்.

உங்கள் வண்டியில் முன்சக்கரம் திரும்ப அந்த இடம்தான் பற்றவில்லை. கோயமுத்தூர் பக்கத்தில் இந்தப் பந்தயம் நடக்கிற மைதானத்தில் முதல் தடவை இறங்கியபோது மூன்று முறையும் சுழன்று நின்றீர்கள். "பனியன் கம்பெனிப் பம்பரம்டா" என்று எவனோ கத்தினான். வீட்டுக்கு வந்தோம். சோற்றைப் போட்டபோது சொன்னீர்கள்: "அந்த வளைவச் சுத்தாம ஒருக்கா எடுத்துட்டாப் போதும் அம்மிணி. அப்புறம் வண்டிய வித்தாலும் வெசனமில்லை."

சக்கரத்தோடு சேர்ந்திருக்கும் இரும்புக் கையில்தான் ஸ்டியரிங் கம்பி வந்து மாட்டும். ஆர்ம் என்பீர்கள். அது குட்டையானால், ஸ்டியரிங் அதே அளவு அசைந்தாலும் சக்கரம் கூடுதலாகத் திரும்பும். இரண்டு முன்சக்கரத்துக்கும் குட்டையாகப் புது ஆர்ம் செய்ய அட்டையில் அளவு வேண்டும் என்றீர்கள். சாம்பிள் செக்சனில் நாள் முழுக்க அட்டையில் பேட்டர்ன் வெட்டுகிறவளுக்கு இதென்ன பிரமாதம்? வளைவு, துளை, மடிப்புக் கோடு எல்லாம் போட்டு அன்றைக்கே வெட்டிக் கொடுத்தேன். மயிரிழை பிசகவில்லை. ஆனால் ஒரே ஒரு அட்டைதான் கொடுத்தேன்.

நம் ஊர் பனியன் துணி குழாயாக வரும். மேசையில் படுக்கப்போட்டு ஒரு பேட்டர்னை வைத்து வெட்டினால், மேல் மடிப்பில் ஒரு கை, கீழ் மடிப்பில் எதிர்க் கை என்று இரண்டும் தானாக வந்துவிடும். அந்தப் பழக்கம் எனக்கு. இரும்பு குழாய்த் துணியா என்ன? நீங்களும் அந்த ஒரே அட்டையைத் திருப்பிப் போடாமல் வைத்து இரண்டையும் அறுத்து, கோட்டிலேயே வளைத்துத் துளையும் போட்டுவிட்டீர்கள். சனிக்கிழமை மதியம் மாட்டப்போனால், இரண்டுமே இடது பக்கம்!

"ஏனுங்க, ரெண்டும் ஒரே பக்கமாட்ட இருக்குதுங்களே?" என்றேன். விடிந்தால் மைதானம். நீங்கள் ஒன்றைச் சூடுகாட்டி, நிமிர்த்தி, எதிர்ப்பக்கம் மறுபடி வளைத்தீர்கள். "இரும்பு தாங்குமுங்களா?" என்றதற்கு, "கம்முனு இரு அம்மிணி, எல்லாம் தாங்கும்" என்றீர்கள். தப்பு என்னுடையது என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் உங்கள் முறை வர இன்னும் இரண்டு வண்டிகள் இருந்தன. நான் குனிந்து வலது சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். துணியில் ஒற்றை நூல் விட்டுப்போனாலும் கண்ணில் படுகிற தொழில் என்னுடையது. வளைத்த இடத்தில் முடி போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், அழியவில்லை. விரிசல்.

சொன்னதும் உங்களுக்குக் கோபம் வந்ததே, அப்பப்பா! "ஒரே ஒரு சுத்துதான். தள்ளு." நான் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் சொன்னேன்: "அட்டை வெட்டுனது நானுங்க. ரெண்டு வெட்டியிருக்கோணும், ஒண்ணுதான் வெட்டுனேன். என்னோட தப்புல உங்கள உக்கார உட மாட்டேன்." யாரோ சிரித்தார்கள். நீங்கள் என்னை முறைத்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றி, ஆர்மை எடுத்துக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தீர்கள். இரண்டாம் அடியில் பட்டென்று இரண்டாகப் போனது. சிரித்தவர்கள் அடங்கினார்கள். நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஆனால் விட்டீர்களா? மறுநாளே "ரெண்டு அட்டை வெட்டு" என்றீர்கள். நான் 'இடது', 'வலது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். புது இரும்பு. ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு உயரத்திலும் கடைசிவரை திருப்பிப் பார்த்தீர்கள். எங்கேயாவது உரசினால் மறுபடி கழற்றினீர்கள். இரண்டு மாதம் பட்டறை விட்டு வந்ததும் அதே வேலைதான்.

அப்புறம் அந்த வளைவை எடுத்தீர்கள். முன்சக்கரம் எதிர்ப்பக்கம் ஒடித்துத் திரும்பியிருக்க, வண்டி சுழலாமல் புகையோடு ஒரு முழு வளைவு. இறங்கி ஓடிவந்து, "பாத்தியா அம்மிணி? பாத்தியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டீர்கள். வண்டியை விற்கவும் இல்லை. "ஒருக்கா நீயும் உக்காரு, இப்படிச் சறுக்கச் சொல்லித் தாறேன்" என்றீர்கள். "அட போங்க, சேலையக் கட்டிக்கிட்டு!" என்று விரட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டிருப்பீர்கள். ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கலாம். எட்டு மாதத்துக்கு முன்னால் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேரவில்லையே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் தம்பி தன் அண்ணியான என்னிடம், "வண்டிய வித்தரலாமுங்க நங்கையா" என்றார். "விக்கறதுக்கில்லீங்க தம்பி, சறுக்கி ஓட்டச் சொல்லிக் குடுங்க" என்றேன். நேராக ஓட்டத்தான் நீங்கள் கற்றுத்தந்திருந்தீர்களே; பக்கவாட்டாக ஓட்ட உங்களோடு மைதானத்துக்கு வந்து பழகியவர் அவர்தானே. ஆறு மாதமாக ஊருக்கு வெளியே காலி மனைகளில் பக்கவாட்டாகவும் பழகுகிறேன். சுடிதார்தான் போட்டுக்கொள்கிறேன். எத்தனை முறை சுழன்றேன் என்று கேட்காதீர்கள், பம்பரம் தோற்றது. போன வாரம் இரண்டு முறை சுழலவில்லை.

நேற்று மைதானத்துக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியைப் பதியச் சொன்னேன். ஓட்டுகிறவர் பெயர் என்னவென்று கேட்டார்கள். வாயில் முதலில் உங்கள் பெயர்தான் வந்தது. அதை அடித்துவிடச் சொல்லிவிட்டு, என் பெயரைச் சொன்னேன்.