பீடத் துணியில் பாக்ஸ்

7 வெள்ளி
விடியலிலிருந்து தூறல். கோயில் பீடத் துணியை அயன் பண்ணும்போது, நடுவில் தைத்திருந்த எழுத்தொன்றைக் கருக்கிவிட்டேன். மெழுகுதிரி பட்டுவிட்டது என்று ஃபாதரிடம் சொன்னேன். என்னைப் பார்த்தார், மெழுகுதிரியைப் பார்த்தார்.

"அந்த மூணு எழுத்து என்னா ஃபாதர்?"

"பாக்ஸ். லத்தீன். சமாதானம்னு அர்த்தம்."

அதோடு விடவில்லை மனுஷன். ரோமாபுரியில் சண்டையில் தோற்றவனோடு செய்யும் உடன்படிக்கைக்கும் அதே சொல்லாம். முந்திய காலத்துப் பூசையில் கைமாற்றி முத்தம் கொடுத்த ஒரு தகட்டுக்கும் அதே பெயராம். யார் முதலில் முத்தம் கொடுப்பது என்று அதற்கே அடிபிடியாம்.

"நம்ம ஊரு பன்வில ஆளுங்க மாதிரியே" என்றேன். சிரித்தார்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாட்டில் அடி தாங்காவிட்டால் 'பாக்ஸ்' என்று கத்துமாம். உடனே மற்றவன் கையை எடுத்துவிட வேண்டும். நல்ல சொல். என் தங்கச்சி தெரேசாவுக்கு யாராவது கற்றுக்கொடுத்தால் தேவலை.

8 சனி
மழை இல்லை. வீட்டுத் துணி காய்ந்தது. தெரேசா திங்கள் குவைத் போகிறாளாம், வீட்டு வேலைக்கு. கடையில் கேள்விப்பட்டது. அவள் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து, "பல்லு முன்னுக்கு வருது, ஆளு பின்னுக்கு வாராரு" என்றேன். ஊரே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார், அந்தப் பல்லோடு. அதற்கு இரண்டு வருடம் பேச்சில்லை. என் புருஷன் செத்த வீட்டுக்கும் வரவில்லை. ஒரு சிரிப்புக்கு இவ்வளவு தண்டனை.

9 ஞாயிறு
பூசை. வேண்டுமென்றே தெரேசாவுக்கு முன் வாங்கில் உட்கார்ந்தேன். சமாதானம் சொல்லும் நேரம் திரும்பிக் கைகூப்பினேன். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் மறுப்பதில்லை, முறை அது. வலப்பக்கம் கும்பிட்டாள். இடப்பக்கம். பின்னால். விட்டால் தூணுக்கும் கும்பிட்டிருப்பாள். எனக்கு இல்லை. மனஸ்தாபத்தோடு நற்கருணை எடுக்கப் போகவில்லை நான்.

10 திங்கள்
கண்டி பஸ் ஸ்டாண்ட். வெயில். இடியப்பமும் மாசிச் சம்பலும் பார்சல் கட்டிக்கொண்டு போனேன். தெரேசா கட்டுநாயக்க ஏர்போர்ட் பஸ்ஸில், ஜன்னலோரம். நீட்டினேன். என்னைப் பார்க்காமல் கீழே நின்ற மகளிடம் சொன்னாள்:

"அவங்ககிட்ட சொல்லு, ப்ளேன்ல சாப்பாடு தருவாங்கன்னு."

"பெரியம்மா, ப்ளேன்ல..."

"காது கேக்குதுடி. சம்பல் தருவானான்னு கேளு."

யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸை எடுத்தான். "பாக்ஸ்!" என்று கத்தினேன். கண்டக்டர் மட்டும் எட்டிப் பார்த்தான்.

மகளும் போய்விட்டாள். வாங்கில் உட்கார்ந்தேன். பார்சலின் மேல். சம்பல் முழுவதும் சேலையில். பன்வில பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.