ஆம்புலன்ஸை நிறுத்திய கேட்

அனுப்புநர்
இஸ்திரிக் கடை வீட்டு மூத்தவள்,
கடைசி வீடு, பின் தெரு.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பின் தெருவுக்கு வரும் சாலையைத் தனியார் குடியிருப்பின் கேட்டிலிருந்து மீட்டுத் தரவும், உடைந்த சிறுபாலத்தை அதே நிறுவனத்திடம் ஒப்படைக்காமல் நகராட்சியே கட்டித் தரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கேட்டருகில் இருந்தவர்கள்: நான், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அவருடன் வந்த நர்ஸ் பெண், மீசை என்று நாங்கள் கூப்பிடும் காவலாளி, கேனை இறக்கவும் மறந்து தோளில் வைத்தபடியே நின்ற தண்ணீர் கேன் போடுபவர். எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் மகன், தரையில் கிடந்த என் மருமகள், அவள் தலையை மடியில் தாங்கியிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரி. நேரில் வராமல் போனில் மட்டும் இருந்தவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர். விசாரித்தால் இவர்களில் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். மாற்றிச் சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள்.

1. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நடந்ததைச் சொல்வதில் பிழை இருக்காது.

2. எங்கள் தெருவுக்கு வர இரண்டு வழி. ஒன்று பழைய வழி. அதில் சாக்கடை மேல் இருக்கும் சிறுபாலம் உடைந்து கிடக்கிறது. மற்றது மெயின் ரோட்டிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டி வருவது. அதுவும் நகராட்சி நிலம்தான். வெறும் மண்ணாகக் கிடந்தது. ஆணையர்கள் மாறினார்கள், என் மனு மாறவில்லை. கடைசியில் குடியிருப்பைக் கட்டிய நிறுவனம் தன் செலவில் தார் போட்டது. பராமரிப்பும் அதன் கைக்குப் போனது. நல்ல சாலை, பொய் சொல்ல மாட்டேன். இஸ்திரி வண்டியைத் தள்ளினால் பெட்டிக்குள் இருக்கும் கரி கூட அசையாது. திறப்பு விழாவில் அப்போதைய ஆணையர், பொதுமக்கள் எப்போதும்போல் போய்வரலாம் என்று மைக்கில் சொன்னார். அன்று எனக்கு நாற்காலி போடவில்லை. அது வேறு கணக்கு.

3. பிறகு கேட் வந்தது. போட்டது நிறுவனம், காவல் குடியிருப்போர் சங்கத்தின் கையில். ஏதோ திருட்டுப் போனதாம். நடந்து போகலாம், வண்டி என்றால் சங்கம் தரும் அட்டை வேண்டும் என்றார்கள். எங்கள் இஸ்திரி வண்டிக்கு அட்டை உண்டு. அவர்களுடைய சட்டைகளைத் தேய்ப்பது நாங்கள்தானே.

4. அந்த மதியம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகளுக்கு வாய் கோணியது, வலது கை தொங்கிப் போனது. யாருடைய சட்டையோ கருகிவிடாமல், சூடான பெட்டியை இடது கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் விழுந்தாள். மகன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். வழி காட்ட நான் கேட்டுக்கு ஓடினேன். அரசாங்க வண்டி, சொன்ன உடனே வந்து நின்றது. மீசை கேட்டைத் தூக்கவில்லை. அட்டை இல்லாத வண்டிக்குச் செயலாளர் சொல்ல வேண்டுமாம். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நம்ம குடியிருப்பு ஆளா, வெளி ஆளா?" என்றது குரல்.

அந்தச் செயலாளர் என் உடன்பிறந்த தம்பி. போனைப் பிடுங்கி, "நான்தான்டா பேசுறேன். மருமகளுக்கு முடியல, கேட்டைத் தூக்கச் சொல்லு" என்றேன்.

"அக்கா, உனக்குன்னு திறந்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. கமிட்டியில ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடுறேன்."

இதுவரை கூப்பிடவில்லை.

5. காத்திருந்து பார்த்த ஓட்டுநர் பழைய வழியாகச் சுற்றப் போனார். சிறுபாலத்தில் பின்சக்கரம் இறங்கி வண்டி மாட்டிக்கொண்டது. அது தங்கள் அலுவலகத்தின் பங்கு. விஷயம் தெரிந்ததும் என் மகன் இஸ்திரி வண்டியில் இருந்த துணிகளைத் தள்ளிவிட்டு மனைவியைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். தையல்காரி அவள் தலையைப் பிடித்தபடி கூடவே ஓடி வந்தாள். வண்டியின் முன்னால் அட்டை தொங்கியது. மீசை கேட்டைத் தூக்கினார். தண்ணீர் கேன்காரர் மெயின் ரோட்டில் ஓர் ஆட்டோவை மறித்துப் பிடித்தார். சட்டைக்குக் கொடுத்த அனுமதியில்தான் என் மருமகள் ஆஸ்பத்திரி போனாள்.

6. பிழைத்துவிட்டாள். வலது கை வரவில்லை. கேட் மறித்ததால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் எழுதித் தரவில்லை. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார். இப்போது இடது கையால் தேய்த்துப் பழகுகிறாள். காலர் சரியில்லை என்று குடியிருப்பில் சிலர் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

7. சிறுபாலத்தையும் அதே நிறுவனம் இலவசமாகக் கட்டித் தருவதாகவும், தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றும் அறிகிறேன். அங்கேயும் ஒரு கேட் வந்தால் எங்கள் தெருவையே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதுபோல் ஆகும். தனியார் ஆகாது என்று கொடி பிடிப்பவள் இல்லை நான். தாரை யார் ஊற்றினாலும் தார்தான். ஆனால் யார் போகலாம், யார் நிற்க வேண்டும் என்று சொல்லும் வேலை காசு போட்டவருக்குப் போகக் கூடாது. தங்கள் சாலை எங்கள் இடுப்பை ஒடித்திருக்கிறது; உள் ஆளா வெளி ஆளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மேலும், தங்களைத் திட்டி நான் மனுக் கொடுக்கலாம். சங்கத்துக்கு எங்கே போய்க் கொடுப்பது?

ஆகவே அந்தக் கையெழுத்தைப் போடாமல், கேட்டை எடுக்க உத்தரவிட்டு, சிறுபாலத்தை நகராட்சிச் செலவில் கட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். காவலாளி மேல் நடவடிக்கை வேண்டாம். கேட்டைத் தூக்கும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். தாங்கள் நேரில் பார்வையிட வரும் நாளில், தங்கள் காருக்கு அட்டை வாங்காமல் வந்து பாருங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு குறைதீர் நாளிலும் வருவேன். நாற்காலி போடாவிட்டாலும் உட்காருவேன்.

இடம்: பின் தெரு
நாள்: ஆகஸ்ட் 14

இப்படிக்கு,
இஸ்திரிக் கடை வீட்டு மூத்தவள்
(கையெழுத்து நானே போட்டது)

நகல்: செயலாளர், குடியிருப்போர் சங்கம். இவன்மீது தாங்கள் எதுவும் செய்ய வேண்டாம், ஐயா. என் தம்பி, நான் மன்னிக்க மாட்டேன், அது போதும்.