பின் கண்ணாடியில் பதினோரு கோடுகள்

யூமா, அரிசோனா
செப்டம்பர் 18, வியாழன்

அன்பு மகள் யெசேனியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், இங்கே வெயிலும் குறைவில்லாமல் சுகம். அங்கே நீயும் உன் மணிக்கட்டும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதி, வண்டியில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டியில் வைக்கிறேன். எஃப்ராயின் மாமா நாளை விடியற்காலை வண்டியை எடுக்கிறார். வடக்கே உன் டுலூத்துக்கு நாலு நாள் என்கிறார். அவர் நாலு என்றால் நீ ஆறு என்று வைத்துக்கொள்.

போன வருஷம் நீ அந்த ஊருக்கு வேலைக்குக் கிளம்பியபோது வண்டியைத் தரமாட்டேன் என்றேன், பழைய வண்டி அவ்வளவு தூரம் தாங்காது என்று காரணமும் சொன்னேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது. அது வாசலில் நின்றால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ பஸ்ஸுக்கு நடந்துபோய் உறைபனியில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டதை அம்மா ஜூலையில்தான் என்னிடம் சொன்னாள். மாமாவை அன்றைக்கே கூப்பிட்டேன், அவருக்கு இப்போதுதான் ஒழிந்தது.

கறுப்புக் கண்ணாடியோடு ஓட்டினால் அங்கே போலீஸ் நிறுத்தும் என்றாய் அல்லவா, அதனால் பழைய ஃபிலிமை உரிக்க ஆரம்பித்தேன். நீ லைசென்ஸ் வாங்கிய வருஷம் ஒட்டியது, ஊதா நிறமாகிக் கல்லில் போட்ட ரொட்டி மாதிரி அங்கங்கே உப்பிக் கிடந்தது. உள்பக்கம் அம்மோனியா தெளித்து, அதன்மேல் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி, வண்டியை நடு வெயிலில் நிறுத்திவிட்டால் போதும், மிச்சத்தை யூமா பார்த்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடி நாலும் ஒரு மணி நேரத்தில் பாம்புச் சட்டை போல முழுசாக வந்தன. பின் கண்ணாடிதான் மல்லுக்கு நின்றது. ஃபிலிம் துண்டு துண்டாகக் கிழிந்து பசையெல்லாம் தங்கிவிட்டது, பசைக்கு நடுவே வரிசையாகப் பழுப்புக் கோடுகள் வேறு. ஒட்டியவன் விட்டுப்போன அழுக்கு என்று நினைத்து ஒரு மதியம் முழுக்க பிளேடால் சுரண்டி எடுத்தேன். முடித்தபோது கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மறுநாள் அதிலேயே வேலைக்குப் போனேன். பேரீச்சம்பழக் கிடங்கில் என்னோடு பழம் பிரிக்கும் ஒஃபேலியா பனி கொட்டும் ஐடஹோவில் ஆறு குளிர்காலம் இருந்தவள். என்னங்க அன்செல்மோ, பின்னாடி இருந்த கோடெல்லாம் எங்கே, பனி மூடினா சூடாகிக் கண்ணாடியைத் தெளிய வைக்கிற கம்பியாச்சே அது, பெத்த பொண்ணு கண்ணைக் கட்டிப் பனியில விடப் பாக்குறீங்களா என்றாள். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன், அந்தக் கம்பியைச் சூடாக்கும் பொத்தானை ஒரு நாளும் அழுத்தியதில்லை. கிடங்கில் மூன்று பேரைக் கேட்டேன். இரண்டு பேருக்குத் தெரியவில்லை, மூன்றாவது ஆள் அது ரேடியோவுக்கு என்றார்.

கடையில் இதற்கென்றே செம்பு கலந்த பெயிண்ட் சின்னக் குப்பியில் விற்கிறான். உற்றுப் பார்த்தால் சுரண்டின தடம் தெரிந்த இடத்தில் மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவே தூரிகையால் இழுக்க வேண்டும். பதினோரு கோடு, மூன்று சாயங்காலம். கடைசி இரண்டுக்கு வரும்போது குப்பி வற்றிவிட்டது, தொட்டுத் தொட்டு இழுத்தேன். சரி, வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வெளியே நூற்றெட்டு டிகிரி, பொத்தானைத் தொடாமலே கண்ணாடி கொதிக்கிறது. பழத்தை உறைய வைக்கிற அறைக்குள்ள விடுங்க என்றாள் ஒஃபேலியா. மேலாளர் சாப்பிடப் போன நேரம் வண்டியை உள்ளே விட்டு எஞ்சினை அணைத்தேன், அவள் வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.

சுவரில் பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது. நான் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷத்தில் என் மூச்சு பட்டே கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது, பல் தந்தியடித்தது. ஜனவரியில் உங்கள் ஊரில் இதைவிட மோசம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதில் நீ பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாய், உன் வண்டி என் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது மகளே. சாவியை மட்டும் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலிருந்து ஒவ்வொரு கோடாகத் தெளிந்துகொண்டே வந்தது, ஒன்பது வரை. கீழே இரண்டு அப்படியே மூடிக் கிடந்தன. கதவைத் திறந்த ஒஃபேலியா, இப்பத் தெரியுதா என்றாள். தெரிகிறது என்றேன்.

அந்தப் பெயிண்ட் இனி அடுத்த வாரம்தான் கடைக்கு வருமாம். மாமாவை ஒரு வாரம் நிறுத்தி வைக்க அது போதுமான காரணம். போன வருஷம் நான் சொன்னதைவிட நல்ல காரணம், உண்மையும்கூட. அவரிடம் சொல்லவில்லை.

கீழே அந்த இரண்டு கோட்டளவுக்கு நீயே துணியால் துடைத்துக்கொள், துணி கதவுப் பையில் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் பிளேடு வைக்காதே. பின்சீட்டில் இருக்கும் பேரீச்சம்பழம் உனக்கு, மாமா பாதியைத் தின்றிருப்பார், கேட்டு வாங்கு. குவாதலூப்பே மாதா உன்னை வழுக்காமல் நடத்தட்டும். வண்டியை உன் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் இந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா அன்செல்மோ