எழுப்புதலுக்காகக் கூடிய ஜெபம்

வெள்ளிக்கிழமை, சேரன்மகாதேவி.

எங்கள் சபையில் எழுப்புதல் வர வேண்டும், அணைந்துபோன விசுவாசம் மறுபடி பற்றிக்கொள்ள வேண்டும் என்று வெள்ளிதோறும் எங்கள் வேதக்கோயிலில் கூடி ஜெபித்தோம். கடைசியில் மிஞ்சியது நானும் எஸ்தர் அக்காவும்தான். இன்று அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இனி நான் வரல, கிரேஸு. கேட்டுக் கேட்டு மனசு வத்திப் போச்சு. எம்மவன் குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல கெடக்கான். அவனையே எழுப்பாதவரு சபையை எழுப்பவா போறாரு?"

"கர்த்தர் எழுப்புவாருக்கா. காத்திருப்போம்."

"நீ நம்புதியா?"

நான் கோயில் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றேன். அக்கா அழவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள்.

உள்ளே போய்த் தனியாக முழங்காலிட்டேன். ஜெபம் வரவில்லை. அவள் கேட்டதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கோயிலைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஜெபம் எப்படி இருந்துச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"நல்லாருந்துச்சு" என்றேன்.

அடுத்த வெள்ளியும் போவேன். எதற்கென்று யாரும் கேட்காமல் இருந்தால் போதும்.