வெள்ளைச் சுவரில் நீலம்

அக்கா,

இன்று பெயின்ட் வாசனையில்தான் விழித்தேன். ஆம்பூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ் பக்கத்து வெள்ளைச் சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகளைப் பொறுத்தவரை அதுதான் உங்கள் வீட்டுச் சுவர்.

ஆர்டர் இல்லையென்று ஷூ கம்பெனியை மூடியபோது ஹாஸ்டலையும் பூட்டினார்கள். எந்த ஊர்க்காரன் காலுக்கோ தைத்துக்கொடுத்த நமக்குக் காலை நீட்ட இந்த பிளாட்பாரம்தான் கிடைத்தது. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒரே ஒரு பிளக். சார்ஜர் வயரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மாறி மாறித் தூங்கினோம். வேறு கம்பெனிக்கு ஆள் தேவையென்றால் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போடுவார்கள். உடனே பதில் போடாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு.

"சோறு இல்லன்னா ஒரு நாள் தாங்கலாம்டி. போன் ஆஃப் ஆச்சுன்னா நாம இருக்கறதே யாருக்கும் தெரியாது" என்பீர்கள்.

ஞாயிறு மதியம் முகம் கழுவி, தலை வாரி, ஸ்டேஷன் ஓசி வைஃபையைப் பிடித்து அந்தச் சுவர் முன்னால் நிற்பீர்கள். பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் வீடியோவில் வருவாள். ரயில் அறிவிப்பு வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும். ஒருமுறை முடியவில்லை.

"இன்னாம்மா, ரயிலு வீட்டுக்குள்ளயே வருது?"

"வாடகை கம்மி இல்ல? ரயிலையும் சேத்துக் குடுத்துட்டான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பேசி முடித்ததும் ஞாயிறு மதிய ரயில் நேரங்களை போர்டில் பார்த்து வைத்துக்கொண்டீர்கள்.

காய்ச்சலில் நீங்கள் இறந்துபோனபோது மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராகப் பரீட்சைக்குப் போனாள். "அம்மா ரூம்ல இப்ப நான்தான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு ஞாயிறுதோறும் அதே சுவர் முன்னால் நான் நின்றேன். போன வாரம் சொன்னாள்: "லீவு வுட்டுட்டாங்கக்கா. அடுத்த ஞாயிறு வர்றேன். அம்மா படுத்த எடத்துல நானும் ஒரு நாள் படுக்கணும்."

எதைக் காட்டுவேன்? குழாயடியையா? காட்ட அந்த வெள்ளைச் சுவர்கூட இப்போது இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக நம்மைத் தெருவில் விட்ட கம்பெனிக்காரன் நிம்மதியாகத் தூங்குகிறான். மறைக்க வேண்டியது நாம், பயப்பட வேண்டியதும் நாம். இது என்ன நியாயம்?

பெங்களூரில் வண்டி ஏறிவிட்டாளாம். இறங்கப் போவது இதே பிளாட்பாரத்தில். இறங்கியதும் அழைப்பாள். இந்த போன் ஆஃப் ஆகித் தொலையாதா என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொள்கிறேன்.

உங்க சார்ஜர்லதான் போட்டேன், அக்கா. நல்லா ஏறியிருக்கு.