கதைக் குழந்தைக்கு ஒரு பெயர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். எங்கள் ஊர் தெப்ராவில் ஒரு இலை அசையவில்லை. எனக்கு ஏழாம் மாதம், கால் வீக்கம். பெண் பிள்ளை என்று டாக்டர் சொல்லியாயிற்று. வாங்க வேண்டியது: வெங்காயம், சலவைத்தூள், கொசுவர்த்தி.

வாரத் தொடரில் அடுத்த அத்தியாயம் பாதி முடிந்தது. கதாநாயகிக்குப் பெண் குழந்தை. பெயர் இன்னும் இல்லை. ஜெரோம் பைக்கில் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் முன் ஹெல்மெட்டும் கையுமாக நின்றே படித்தார். "செத்துப்போன அக்கா பேரையே வச்சிரேன்" என்றார். சாதாரணமாக. எதையும் அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிற ஆள் இல்லை என் புருஷன்.

கதையில் செத்த, கதாநாயகியின் அக்கா பெயர் செ. முழுதாக எழுத மனம் வரவில்லை. ஜெ.யின் முதல் மனைவி பெயரும் அதுதான். டிங்கிக் காய்ச்சலில் போனவள். வேண்டுமென்றுதான் கதையில் அந்தப் பெயரைப் போட்டேன், இவர் முகம் மாறுகிறதா என்று பார்க்க. மாறவில்லை. கதையில் அந்த அக்கா லாரியில் அடிபட்டுச் செத்த வாரமும் மாறவில்லை. இப்போது மட்டும் என்ன வந்தது?

மார்ச் 4, புதன்

சாயங்காலம் இடி மட்டும். மழை இல்லை.

பத்திரிகை ஆசிரியர் போன். "பிள்ளைக்கு அந்த அக்கா பேரையே வைங்கம்மா. படிக்கிறவங்க அழுதுருவாங்க லா."

இவருமா? ஜெ. பேசியிருப்பாரோ? நம்பர் என் போனிலேயே இருக்கிறதே.

எல்லாத் தொடரிலும் இதே வேலை. ஒருத்தியைச் சாகடி, அடுத்த பிரசவத்தில் அவள் பெயரைத் தூக்கிக் கொடு. பிறந்த குழந்தை யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அப்பாவுடைய அம்மா பெயர். மாமியார் பெயரைச் சொல்லித் திட்ட அம்மாவுக்கு வாய் வரவில்லை. முப்பத்து நாலு வயதிலும் நான் பாப்பாதான்.

கதையில் பெயர் வைக்க ஒரு வரி போதும். வீட்டில் நாள் முழுக்கக் கூப்பிட வேண்டும். "செ., சோறு சாப்பிடு" என்று நான் கத்த, ஹாலில் இவர் திடுக்கிட்டுத் திரும்ப. வேண்டாம் சாமி.

மார்ச் 6, வெள்ளி

சர்ச்சில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போகவில்லை, கால் வலி. புளிக்குழம்பு, அப்பளம்.

பின்வாசலில் ஜெ. போனில். மறுமுனையில் பொந்தியானில் இருக்கும் அவர் அக்கா. பாத்திரம் கழுவும் சத்தத்தில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "முதல்ல கதையில வரட்டும்கா. அவகிட்ட நான் பேசிக்கிறேன்." குழாயை மூடினேன். பேச்சும் நின்றது.

முதலில் கதையில். அப்புறம் என் வயிற்றில். அக்காளும் தம்பியும் ஒத்திகை பார்க்கிறார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

கதைக் குழந்தைக்கு நிலா என்று போட்டுவிட்டேன். நல்ல பெயர். செத்தவர் யாருடைய பெயரும் இல்லை.

மார்ச் 7, சனி

வெயில். டாக்டரிடம் போனோம், எல்லாம் சரி. திரும்பி வந்து ஜெ. அத்தியாயத்தைப் படித்தார். "நிலாவா?" என்றார்.

கேட்டுவிட்டேன். "நம்ம பிள்ளைக்கு அவங்க பேர வைக்கத்தானே அக்காவும் தம்பியும் பேசிக்கிறீங்க?"

ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அக்காதான் கேக்குது. நான்தான் வேணாங்கிறேன். அவ பேரு எங்கயாச்சும் இருக்கணும்னு அழுவுது. சரி, கதையில இருந்துட்டுப் போவட்டும்னேன். வீட்டுக்கு வேணாம். நம்ம பிள்ளைக்கு நீயே ஒரு பேரு பாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கதையில அவள லாரியில அடிபட விட்டப்ப நான் ஏதாச்சும் கேட்டனா?"

வெட்கமாக இருந்தது. பாத்ரூமில் போய் அழுதேன்.

நம்பலாமா? முக்கால்வாசி நம்பினேன்.

மார்ச் 9, திங்கள்

நல்ல மழை. துணி காயவில்லை.

நிலா என்று இருந்த இடமெல்லாம் மாற்றினேன். செலின். இந்த நோட்டில் முழுதாக எழுதுவது இதுதான் முதல் தடவை. நிலாவை எங்கள் பிள்ளைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஜெ.யிடம் இன்னும் சொல்லவில்லை.

அத்தியாயம் போய்ச் சேர்ந்ததும் ஆசிரியர் போன். "சூப்பர்மா. அடுத்த வாரம் செலின் பாப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வரட்டும். ஆஸ்பத்திரி, ரத்தம், அது இதுன்னு விறுவிறுப்பா போவும் லா."

வராது என்றேன்.